வெள்ளைத் துணி சுத்தி வெச்ச வண்டி

சங்கரு, நீ போன்ல பேசி வெச்சதுலருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. அடுப்புல ரசம் பொங்கி வழிஞ்சி அணைஞ்சே போச்சு. உங்கப்பா உள்ள ஓடியாந்து, "இன்னாடி இது, வீடு பூரா காஸ் நாத்தம், நீ இங்க உக்காந்து கனா கண்டுகினு இருக்கிற"ன்னு கத்தினாரு. கனாதான். நீ சொன்னதையே திருப்பித் திருப்பி நெனச்சிகினு இருந்தேன். செகண்ட் ஹாண்ட்ல ஒரு சின்ன வண்டி பாத்து வெச்சிருக்க, சின்னதுன்னாலும் ஒசந்த மாடலு, ஏசி கீசி எல்லாம் இருக்குது, ஒரே ஓனரு. எல்லாம் சந்தோஷம். அப்புறம் ஒண்ணு சொன்ன பாரு, "மலருக்கு எந்த வண்டியும் ஒத்துக்கலம்மா, ஏறுனா வாந்தி, அதனால பின்சீட்டு அகலமா இருக்குதான்னு பாத்தேன், அவ பாட்டுக்கு படுத்துகினு வரட்டும்"னு. அந்தப் "படுத்துகினு வரட்டும்" என் நெஞ்சுல வந்து உக்காந்துகிச்சி. போன்ல சொல்லலாம்னா நீ "சரிம்மா, சரிம்மா"ன்னுவ, நடுவுல ஆபீஸ்காரன் கூப்புடுவான். அதனால எழுதறேன். ஞாயித்துக்கெழம அந்த வண்டியப் பாக்கப் போறதுக்குள்ள ஒழுங்கா படிச்சிடு.

மறுவீட்டுக்கு வந்த அன்னிக்கு உன் பொண்டாட்டி மலரு வாடகக் கார்லருந்து எறங்கி நேரா வேப்பமரத்துக்கிட்ட போயி குனிஞ்சிது ஞாபகம் இருக்குதா? நம்ம தெரு பொம்பளைங்க ஒருத்திய ஒருத்தி பாத்து வாயப் பொத்திகினு சிரிச்சாங்க. "அதுக்குள்ளயா?"ன்னு ஒருத்தி என் காதுலயே கேட்டா. அடி போடி, வாரம் கூட ஆவலன்னேன். எனக்கு மட்டும் அந்த முதுகப் பாத்ததுமே தெரிஞ்சி போச்சு. நான் போயி அதோட நெத்தியப் புடிச்சிகினேன். அது நிமுந்து என்னைப் பாத்து, "சாரி அத்தை"ன்னுச்சி. சாரியாம். எத்தினி வருசம் நான் அதே மாதிரி ரோட்டோரத்துல நின்னு எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுகினு இருந்தேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்கெல்லாம் பஸ்ஸுன்னா ஊருக்குப் போற வண்டி. எனக்கு அது ஒரு வாடை. டீசலு, கருவாட்டுக் கூடை, வாடிப்போன மல்லி, வேர்த்த சீட்டு, எல்லாம் ஒண்ணா சேந்து, கண்டக்டர் விசில் அடிக்கிறதுக்குள்ள எனக்கு வாயில உப்புத் தண்ணி ஊறிடும். இஞ்சி மென்னுகினு போயிருக்கேன். மாத்திர போட்டிருக்கேன். நியூஸ் பேப்பர மடிச்சி வயித்துல சொருவிகினா நிக்கும்னு ஒரு அம்மா சொன்னாங்க, அதையும் செஞ்சேன், பேப்பர் நனைஞ்சதுதான் மிச்சம். பொறந்தது முள்ளிப்பட்டு, வாக்கப்பட்டது ஆரணி. நடந்தே போயிட்டு வர்ற தூரம். அங்கயும் தறி சத்தம், இங்கயும் உங்கப்பாவோட பட்டுத்தறி சத்தம். ஒரு பொம்பள இந்த ரெண்டு சத்தத்துக்கு நடுவுலயே இருந்துட்டா அது ஒரு கொறைன்னு யாருக்கும் தோணாது. எனக்கும் தோணியிருக்காது, சரசு மட்டும் இல்லன்னா.

சரசு சித்தி எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியும், எப்பவும் சிரிச்சிகினே இருப்பா. ஆனா அவ பாவாட கட்டுற வயசுலயே எங்கம்மா போயிட்டாங்க. அவளுக்குத் தல வாரி, சோறு ஊட்டி, வயசுக்கு வந்தப்போ தண்ணி ஊத்தினது எல்லாம் நான்தான். அவள மரக்காணத்துல வாத்தியாருக்குக் குடுத்தோம். கல்யாணம் நம்ம ஊர்லயே நடந்துச்சி. அன்னிக்கு சாயங்காலம் அவ வேன்ல ஏறுனவ, ஜன்னல் வழியா என் கையப் புடிச்சிகினு, "யக்கா, வந்து என் வீட்ல ஒரு வாய் சோறு சாப்புடு"ன்னா. வர்றேன்டின்னேன். அம்மா இல்லாத பொண்ணுக்கு அக்காதானே அம்மா? பொறந்த வீட்டு சீர அக்கா கையாலதானே கொண்டுபோயி எறக்கணும்? அவளுக்குப் புள்ள பொறந்து தொட்டில் போட்டாங்க, காது குத்துனாங்க, புது வீடு கட்டிப் பால் காச்சுனாங்க. எல்லாத்துக்கும் உங்கப்பா மட்டும் பட்டும் தட்டுமா தனியாப் போயிட்டு வந்தாரு. அவ மாமியாக்காரி நேரடியா எதுவும் சொல்ல மாட்டாளாம். வர்றவங்க போறவங்ககிட்ட, "எங்க மருமவளுக்கு அக்கான்னு ஒருத்தி இருக்குதாம்பா, நாங்க பாத்ததில்ல"ன்னு சொல்லுவாளாம். சரசு அதையும் சிரிச்சிகினே என்கிட்ட சொல்லுவா.

ஒரு தடவ கெளம்பவும் கெளம்புனோம்டா. நீ அப்போ சின்னப் புள்ள, டவுசர் போட்டுகினு ஜன்னல் சீட்டுக்கு அடம் புடிச்ச. வந்தவாசி போய்ச் சேர்றதுக்குள்ள என் உடம்புல ஒண்ணுமே மிச்சம் இல்ல, வெறும் பித்தமா வந்துச்சி. பஸ் ஸ்டாண்டுல ஒரு சோடா கடை பெஞ்சில என்னைப் படுக்க வெச்சிட்டாங்க. நீ என் மொகத்துக்கிட்ட உக்காந்துகினு உன் கர்ச்சீப்பால என் வாயத் தொடச்சிகினே இருந்த, "யம்மா செத்துடாதம்மா"ன்னு ஒரே அழுகை. திண்டிவனம் பஸ்ஸு வந்துச்சி, போச்சு. இன்னொண்ணு வந்துச்சி, அதுவும் போச்சு. உங்கப்பா வெயில் தாழ்ந்ததும் ஆரணி பஸ்ல என்னைத் தூக்கிப் போட்டுகினு திரும்பிட்டாரு. சீர்த்தட்டு அப்படியே மடியில இருந்துச்சி, பழம் எல்லாம் நசுங்கிப் போயி.

இப்ப உங்கப்பா கார் வாங்குன கதைக்கு வர்றேன். நீ அப்போ காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த. மனுஷனுக்கு வாயில அன்பா ஒரு வார்த்த வராது, அது உனக்கே தெரியும். திடீர்னு ஒரு நாளு, "டாக்டர் ஒருத்தரு ஊரக் காலி பண்ணிகினு போறாரு, அவரு வண்டி நல்லா இருக்குதாம், கார்னா உனக்கு வாந்தி வராது, ஏசி இருக்குது, குலுங்காது"ன்னாரு. அப்பல்லாம் அந்த வண்டி வெச்சிருந்தா பெரிய எடம்னு அர்த்தம். கைக்கு அடக்கமா, மூக்கும் முழியுமா இருக்கும். பட்டன அமுக்கினா கண்ணாடி தானே எறங்கும். நானும் கூடப் போனேன், டாக்டர் வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே.

வண்டி வாங்கப் போனவரு இன்னா பண்ணாருன்னு கேளு. டாக்டர் போர்ட்டிகோல நிறுத்தி வெச்சிருந்தாரு. இவரு போனதும் போவாததுமா, "சார், வெளிய எடுங்க, நெழல்ல கலர் பொய் சொல்லும்"னாரு. பாவம், அவரு வெயில்ல கொண்டாந்து நிறுத்தினாரு. உங்கப்பா புடவ பாக்குற மாதிரியே தலையச் சாச்சி அந்தப் பக்கம் ஒரு தரம், இந்தப் பக்கம் ஒரு தரம் பாத்துட்டு, பொறங்கையால பானட்ட தடவுனாரு. "இதுக்குப் பேரு ஒயின் ரெட்"னு டாக்டர் சொன்னாரு. "ஒயினாவது ஒண்ணாவது, இது அரக்கு"ன்னாரு இவரு. அப்புறம் ஒரு கதவக் காட்டி, "இது வேற சாயத் தொட்டி"ன்னாரு. டாக்டர் அசந்து போயி, கேட்டுல இடிச்சி பெயிண்ட் அடிச்சத ஒத்துகினாரு. அதோட வுட்டாரா? உள்ள குனிஞ்சி சீட்டு ஓரத்துல ஒரு நூலப் புடுங்கி, தீக்குச்சி கிழிச்சிக் கொளுத்திட்டாரு. கொளுத்தி மோந்து பாத்துட்டு, "பட்டு இல்ல"ன்னாரு. "சார், அது கார்!"னு டாக்டர் கத்துறாரு. எனக்கு சிரிப்ப அடக்க முடியல, முந்தானைய வாயில வெச்சிகினேன். நூலுக்கும் சாயத்துக்கும் அவ்ளோ பாத்த மனுஷன், பானட்ட தொறந்து இஞ்சின எட்டிக் கூட பாக்கலடா. நல்ல வேள, டாக்டரு யோக்கியமான ஆளு, இஞ்சின் தங்கமா இருந்துச்சி. நீ அப்படி இருந்துடாத. பகல் வெளிச்சத்துல பாரு, அது உங்கப்பா சொல்றது சரிதான். ஆனா கூட ஒரு மெக்கானிக்க கூட்டிகினு போ.

பூச போட்டு, பூசணிக்கா ஒடச்சி, அந்த வாரமே மரக்காணம் கெளம்புனோம். சரசுவுக்கு போன் பண்ணிச் சொல்லியாச்சி. உங்கப்பா வண்டிக்குள்ள ஒரு தூசி வரக்கூடாதுன்னு கண்ணாடிய எல்லாம் ஏத்திட்டாரு. தறி வீட்டுக்காரங்க புத்தி அது. காத்து அடிச்சா தறில இழுத்துக் கட்டுன பாவு நூலு அறுந்துடும்னு ஜன்னல சாத்தியே பழக்கம். ஏசிய போட்டா வண்டிக்கு நோவும்னு அதையும் போடல. எல்லாத்துக்கும் மேல, பீரோல பட்டுக்கு வெக்கிற மாதிரி சீட்டுக்கு அடியில அந்துருண்ட போட்டு வெச்சிருந்தாரு மகாராசன்! நான் பின்சீட்டுல தலகாணி போட்டுப் படுத்துகினேன். ஆத்துப் பாலம் கூட தாண்டல. "ஏங்க, நிறுத்துங்க"ன்னேன். அவரு நிறுத்துறதுக்குள்ள அவரோட அரக்குப் பட்டு பாழாப் போச்சு. அவரு திட்டியிருந்தா கூட தேவலாம். வண்டியத் திருப்புனாரு. வீட்டுக்கு வந்து ஈரத்துணியால சீட்டத் தொடச்சிகினு இருந்தாரு. அந்த முதுகப் பாத்து நான் உள்ள போயி அழுதேன். சரசு போன் பண்ணா. "உடம்பு சரியில்லடி"ன்னேன். "சரிக்கா"ன்னா. அன்னிக்கி அவ சிரிக்கல.

அதுக்கப்புறம் அந்த வண்டி பட்டுப் பொடவையாவே ஆயிடுச்சி. "நல்ல நாள் பொழுதுக்கு எடுப்போம், தெனமும் எடுத்தா மவுசு போயிடும்"னு சொல்லிட்டு, ஷெட்டுல நிறுத்தி, மல்லுத்துணி எடுத்து தச்சி, சக்கரம் வரைக்கும் சுத்திட்டாரு. பட்டுல ஒரே மடிப்புல இருந்தா இழை வெட்டிடும்னு அப்பப்போ மடிப்பு மாத்தி வெப்போம் இல்ல? அதே கணக்கா, மாசம் ஒரு தரம் ரெண்டு ஆள வுட்டு வண்டிய முன்னால கொஞ்சம் தள்ளி, அடுத்த மாசம் பின்னால கொஞ்சம் தள்ளி நிறுத்துவாரு. இஞ்சின ஸ்டார்ட் பண்ண மாட்டாரு. இந்த ஊர்ல இதப் பாத்து யாரும் சிரிக்கல தெரியுமா? "நல்லா வெச்சிருக்கிறாரு"ன்னு மெச்சிகினு போனாங்க!

நான் உனக்கு சொல்லாத ஒண்ணு சொல்றேன். மதியான வேளைல வேலையெல்லாம் முடிச்சிட்டு, அந்தத் துணிய ஓரமாத் தூக்கிகினு நான் அந்த வண்டிக்குள்ள போயி உக்காந்துக்குவேன். அந்துருண்டைய என்னிக்கோ பொறுக்கி எறிஞ்சிட்டேன். கதவ சாத்தினா தறி சத்தம் எங்கயோ தூரத்துல கேக்கும், கெணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி. வெயிலு அந்த வெள்ளைத் துணில பட்டு, உள்ள பாலு தெளிச்ச மாதிரி ஒரு வெளிச்சம் வரும். வெளிய ஒண்ணும் தெரியாது. தெருவு இல்ல, வீடு இல்ல, ஊரே இல்ல. பின்சீட்டுல உக்காந்தா பழசெல்லாம் ஞாபகம் வருதுன்னு ஒரு நாளு முன்னாடி, ஸ்டியரிங்கு பக்கம் போயி உக்காந்தேன். சொம்மா கைய வெச்சேன். வெச்சதும் எனக்கு முன்னால ரோடு வந்துச்சிடா. நெசமா. ரெண்டு பக்கமும் புளியமரம், வேர்க்கடல கொல்லை, ஏரிக்கரை. நான் திருப்புனா திரும்புது, நான் நிறுத்துனா நிக்குது. வந்தவாசி பஸ் ஸ்டாண்டு வரும், அந்த சோடா கடை பெஞ்சு வரும், நான் நிறுத்தாம போயிடுவேன். மரக்காணம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது இல்ல? அதனால அங்க வெறும் வெள்ளையா இருக்கும், அந்த வெள்ளைக்குள்ள சரசு நின்னுகினு இருப்பா. தெனமும் போனேன். ஒரு நாள் கூட எனக்குக் கனாவுல வயித்தப் பொரட்டல.

அப்புறம் ஒரு வைகாசி முகூர்த்தம். உங்கப்பா வழியில யாரோ பெரிய மனுஷன் வீட்டுக் கல்யாணம், வண்டிலதான் போயி எறங்கணும்னு உங்கப்பாவுக்கு ஆசை. துணிய உருவி, பொட்டு வெச்சி, சாவியப் போட்டா, ஒரு முனகல் கூட வரல. பேட்டரி செத்துப் போயி எத்தினி நாளாச்சோ. மெக்கானிக் வந்து பாத்துட்டு, "வண்டிய நிறுத்தியே சாவடிச்சிட்டீங்க மொதலாளி. தள்ளுங்க, ஜல்தியா ஒரு ஓட்டம் தள்ளுனா புடிச்சிக்கும்"னான். தள்ள ஆளு பத்தல. தறியிலருந்த ஆளுங்க வந்தாங்க, மெக்கானிக்கும் பின்னால போனான், உங்கப்பாவும் வேட்டிய மடிச்சிக் கட்டிகினாரு. ஸ்டியரிங்கப் புடிக்க ஆளு இல்ல. "நீ போயி உக்காரு, நேராப் புடி, இந்தக் கிளச்ச மிதிச்சிகினு இரு, நான் சொல்றப்போ கால எடு, அவ்ளோதான்"னு என்னைப் பாத்து கத்துனாரு. நான் பட்டுப் பொடவையோட போயி உக்காந்தேன். "ஏலேலோ"ன்னு தள்ளுனாங்க. சக்கரம் உருண்டுச்சி. நம்ம தெரு மெல்ல என்னைப் பாத்து வந்துச்சி. ஒவ்வொரு வாசலா வந்து, பக்கத்துல நழுவிப் போச்சு. மாவு மெஷினு, பால் சொசைட்டி, புள்ளையார் கோயிலு. "கால எடு, கால எடுடி!"ன்னு பின்னால அலறுறாரு. எடுத்தேன். வண்டி ஒரு ஒதறு ஒதறிப் புடிச்சிகிச்சி. எல்லாரும் கை தட்டுறாங்க. நான் தெருக்கோடி வரைக்கும் போயிட்டேன், பிரேக்கு எதுன்னு மெக்கானிக் ஓடியாந்து சொல்றான். எனக்கு அது எதுவும் காதுல வுழல. வயித்தத் தொட்டுப் பாத்தேன். வாயில உப்புத் தண்ணி ஊறல. எனக்கு ஒண்ணும் ஆவலடா சங்கரு! எனக்கு ஒண்ணுமே ஆவல!

அன்னிக்கு கல்யாணத்துக்குப் போறப்போ பின்சீட்டுல உக்காந்தேன், வழக்கம் போல ஆயிப்போச்சு. அப்பதான் எனக்கு ஊர்ஜிதம் ஆச்சி. வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, நான் வண்டி ஓட்டக் கத்துக்கறேன்"ன்னேன். உங்கப்பா காபி டம்ளர கீழ வெச்சாரு. "உனக்கு இன்னா பைத்தியமா? மொதலாளி பொண்டாட்டி தெருவுல கார் ஓட்டிகினு போனா நாலு பேரு இன்னா பேசுவான்? பேஜாராப் பூடும்." நான் ஒண்ணும் சண்ட போடல. "நாலு பேரு பேசுறது ஆரணியோட போயிடும். மரக்காணத்துல ஒருத்தி பேசிகினு இருக்கிறா பாருங்க, எனக்கு அதுதான் வலிக்குது"ன்னேன். ரெண்டு நாளு என்கிட்ட மூஞ்சி குடுக்கல. மூணாம் நாளு காலைல டிரைவிங் ஸ்கூல் பாஷா பாய் வாசல்ல வந்து நிக்கிறாரு. "மொதலாளி சொன்னாரும்மா"ன்னாரு. உங்கப்பா உள்ள பாவு கணக்கு பாக்குற மாதிரி குனிஞ்சிகினு இருந்தாரு. அந்த மனுஷன் நல்லது செஞ்சா இப்படித்தான், முதுகக் காட்டிகினு செய்வாரு.

பாஷா பாய் தங்கமான ஆளு. "ம்மா, கிளச்ச மிதிக்காதீங்க, கோழிக்குஞ்ச அமுக்குற மாதிரி அமுக்குங்க"ன்னுவாரு. பள்ளிக்கூட மைதானத்துல எட்டு போட்டேன். மைதானத்து சுவத்து மேல வரிசையா சனம் உக்காந்து வேடிக்க பாத்துச்சி. ஒரு தரம் கம்பத்தத் தட்டிட்டேன், உங்கப்பா வேற சாயத் தொட்டின்னாரு பாரு, அதே கதவுதான், மறுபடியும் வேற சாயம் ஆயிடுச்சி. லைசென்ஸ் வாங்குனதும் மொதல் தடவயா ஊர் தாண்டி, இங்க பக்கத்துல ஜைனக் கோயில் இருக்குது பாரு, அந்தத் திருமலை அடிவாரம் வரைக்கும் போயிட்டு வந்தேன். மலையப் பாத்துகினு மரத்தடில வண்டிய நிறுத்திட்டு, இஞ்சின அணைக்க மனசு வராம உக்காந்திருந்தேன். நீ செமஸ்டர் லீவுக்கு வந்தப்போ உன்னை பஸ் ஸ்டாண்டுலருந்து நான்தான் கூட்டியாந்தேன். "சூப்பர்மா"ன்ன. வீட்டுக்கு வந்ததும் இட்லி கேட்ட. "யம்மா, வாந்தி எடுத்துகினு கெடந்தியே, எப்படி ஓட்டுற"ன்னு ஒரு வார்த்த கேக்கல பாரு, என் வயித்துல பொறந்தவனே. கேட்டிருந்தா இன்னிக்கு பின்சீட்ட அளந்துகினு இருந்திருக்க மாட்ட.

அதனால நான் சொல்றத கேளு. ஞாயித்துக்கெழம மலரையும் கூட்டிகினு போ. சாவிய அது கையில குடு. அதுக்கு ஓட்டத் தெரியாதே, லைசென்ஸ் இல்லியேன்னு எங்கிட்ட சட்டம் பேசாத, சும்மா நிக்கிற வண்டில ஸ்டியரிங்குக்கு முன்னால உக்காரட்டும். கால் எட்டுதா, கண்ணாடிக்கு வெளிய ரோடு தெரியுதான்னு அதுவே பாத்து சொல்லட்டும். உள்ள எந்த வாடையும் அடிக்காத வண்டியா பாரு. அப்புறமா அத ஓட்டக் கத்துக்க அனுப்பு. எல்லாருக்கும் என்னை மாதிரியே ஆவும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், நான் என்ன டாக்டரா? ஆனா படுக்க எடம் பாக்கறதுக்கு முன்னால ஒரு தரம் உக்கார எடம் குடுத்துப் பாரு. வாங்கிட்டு மூடி வெக்காத, தெனமும் ஓட்டுங்க, கீறல் வுழுந்தா வுழுவட்டும். அது பட்டு இல்ல, தகரம்.

சொல்ல வந்தது அவ்ளோதான். ஆனா மரக்காணம் போனத சொல்லாம எனக்கு பேனாவ மூட மனசு வரல. அன்னிக்கு விடிஞ்சும் விடியாம கெளம்பினோம். உங்கப்பா பக்கத்து சீட்டுல சீர்த்தட்ட மடில வெச்சிகினு, "மெதுவா, மெதுவா, மாடு, மாடு"ன்னு சொல்லிகினே வந்தாரு. வழியெல்லாம் பனி. புளியமரம் ஒண்ணொண்ணா பனிக்குள்ளருந்து வெளிய வந்து எனக்கு வழி வுட்டுச்சி. நான் ஷெட்டுக்குள்ள உக்காந்து பாத்த ரோடு மாதிரியேதான் இருந்துச்சி, ஆனா இதுல குளுரு அடிச்சிது, சாணி வாசம், ஈர மண்ணு வாசம் எல்லாம் வந்துச்சி. எல்லாக் கண்ணாடியையும் எறக்கிட்டேன். வந்தவாசி தாண்டுனதும் உங்கப்பா பேச்சே நின்னு போச்சு. திரும்பிப் பாக்குறேன், மூஞ்சி வெளுத்துப் போயி வேர்த்து ஊத்துது. "ஒரு மாதிரி இருக்குதுடி"ன்னாரு. நிறுத்துனேன். சாப்புட்டது எல்லாம் ரோட்டோரத்துல. நான் தண்ணி குடுத்து நெத்தியப் புடிச்சிகினேன். "இப்பத் தெரியுதா?"ன்னேன். "தெரியுது, தெரியுது, வாய மூடிகினு ஓட்டு"ன்னு பின்சீட்டுல போயி, மூஞ்சில துண்டப் போட்டுகினு படுத்துட்டாரு. எனக்கு சிரிப்பு, அழுகை, ரெண்டும் ஒண்ணா வந்துச்சி. உப்பளம் வந்தப்போ வெயில் ஏறிடுச்சி. ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா தண்ணி, அதுல வானம் கெடந்துச்சி. வானத்து மேலயே ஓட்டிகினு போறாப்புல இருந்துச்சி எனக்கு.

வழி கேட்டு வாத்தியார் வீட்டு முன்னால நிறுத்தினேன். சரசு எல்லாம் தயாரா வெச்சிருந்தா. மரத்து நெழல்ல பாய், குடத்துல தண்ணி, கையில ஒரு எலுமிச்சம்பழம், தோள்ல துண்டு. வாசப்படில மாமியாக்காரி நின்னுகினு பாக்குறா. சரசு முன்னால பாக்கவே இல்ல, நேரா ஓடியாந்து பின்கதவத் தொறந்து, "யக்கா"ன்னு ரெண்டு கையையும் நீட்டுனா, என்னைத் தூக்கி எறக்குறதுக்கு. உள்ள பாத்தா மாமா. அவ மொகம் அப்படியே சுண்டிப் போச்சு. "மாமா, அக்கா வரலியா? இந்தத் தரமும் வரலியா?"ன்னா. உங்கப்பா துண்ட எடுக்காமலே ஒரு வெரல நீட்டி முன்னால காட்டுனாரு. அவ நிமுந்தா. நான் ஸ்டியரிங்குலருந்து கைய எடுக்க முடியாம உக்காந்திருந்தேன். என்னைப் பாத்தா, ஸ்டியரிங்கப் பாத்தா, மறுபடி என்னைப் பாத்தா. அப்படியே தெரு மண்ணுல உக்காந்துட்டா. "அத்தே, எங்க அக்கா! எங்க அக்கா ஓட்டிகினு வந்துட்டா அத்தே!"ன்னு தெருவே கேக்குற மாதிரி அழுதா. பக்கத்து சீட்டுல இருந்த சீர்த்தட்ட எடுத்துகினு நான் எறங்குனேன். அந்த மாமியாக்காரி படிய வுட்டு எறங்கி வந்து, என் கையிலருந்து அத ரெண்டு கையாலயும் வாங்கிகினா.

எனக்குப் போட்ட பாயில உங்கப்பா படுத்துகினு எலுமிச்சம்பழத்த மோந்துகினு கெடந்தாரு. நான் உள்ள போயி கால் நீட்டி உக்காந்தேன். சரசு எலையப் போட்டு, சோறு வடிச்ச சூட்டோட போட்டு, நெத்திலிக் கொழம்ப ஊத்துனா. ஊத்திட்டு எதுக்கால உக்காந்து, நான் ஒவ்வொரு வாயா முழுங்குறதையே பாத்துகினு இருந்தா. எங்க எழுந்து ஓடிடுவேனோன்னு அவளுக்கு பயம். எலைல இருந்தது தீந்துச்சி. "போதுமாக்கா?"ன்னா.

"இன்னும் போடுடி"ன்னேன்.